குடவோலை ஊரும் கம்பெனிப் பேருந்தும்

உத்திரமேரூர் என்றால் படித்தவர்களுக்குக் குடவோலை நினைவுக்கு வரும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடத்திய ஊர், மக்களாட்சியின் தொட்டில், இத்யாதி. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இவ்வூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டார். மகிழ்ச்சி. அதே ஊரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் விடிவதற்கு முன்பே சாலையோரம் வந்து கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றி நமக்கு ஏதேனும் கருத்து உண்டா? உண்டு, ஏராளமாகவே உண்டு. எல்லாம் போகிற போக்கில் உதிர்ப்பவை. கல்யாணப் பந்தியில், ரயில் பயணத்தில், ஏன், இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதும் அவை உதிர்கின்றன. இவற்றோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. சட்டத்திருத்தங்களும் அரசாணைகளும் வெட்டவெளியில் முளைப்பதில்லை. இவ்வகைக் கருத்துகள் போட்ட எருவில்தான் முளைக்கின்றன.

கருத்துகள் பெரும்பாலும் நான்குதான். ஒன்று: ஏரித் தண்ணீரை நம்பிக் கிடந்த குடும்பத்துக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டு: வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம் முதலாளிகளைவிட மரியாதையாகத்தான் நடத்துகிறான், பஸ், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். மூன்று: கொடி பிடித்தால் கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விடும். நான்கு: தொழில்நுட்பம் வளர வளர இந்தச் சிரமங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

இந்த நான்கையும் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். ஆனால் நான்கிலும் தொழிலாளி எதையோ வாங்கிக்கொள்பவராக மட்டுமே வருகிறார் என்பதைக் கவனியுங்கள். சம்பளம் வாங்குகிறார், சோறு வாங்குகிறார், அறிவுரை வாங்குகிறார். ஓரிடத்திலாவது அவர் வாய் திறந்து பேசுவதில்லை. கூலி எவ்வளவு என்ற கேள்விக்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: அதை முடிவு செய்யும்போது அவரைக் கேட்டார்களா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், தகராறு ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டியிருக்கிறது.

மூன்றாவது கருத்திலிருந்து தொடங்குகிறேன். அதுதான் ஆகப் பெரிய பூச்சாண்டி.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சகட்டத்தில் எட்டாயிரம் பேர்வரை அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பெண்கள். கிராமத்தில் அவரவர் வீட்டில் நிரந்தரச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். 2009, 2010 ஆண்டுகளில் ஊதியத்துக்காக வேலைநிறுத்தங்கள் நடந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. அவற்றுக்குப் பிறகும் ஆலை ஓடியது, நன்றாகவே ஓடியது. பிறகு என்ன ஆயிற்று? தொடுதிரைக் கைப்பேசிகள் வந்து நோக்கியாவின் சந்தையைத் தின்றன. 2013இல் வருமான வரித்துறை இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்றது. மாநில அரசும் தன் பங்குக்கு வரி கேட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அடுத்த மாதமே அவ்வளாகத்தில் நோக்கியாவுக்கு உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்த பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

ஆலையை மூடியது கொடி அன்று. ஹெல்சிங்கியிலும் டெல்லியிலும் ரெட்மாண்டிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் மூடின. இருபத்தைந்து வயதில் 'விருப்ப ஓய்வு' பெற்ற பெண்ணிடம் அந்த மூன்று நகரங்களிலிருந்தும் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சொற்சேர்க்கையின் அபத்தம் ஒன்று போதும். பணிந்து நடந்தால் வேலை நிலைக்கும் என்பது நாம் அவளிடம் சொன்ன வாக்குறுதி. அவள் தன் பங்கைக் காப்பாற்றினாள். போகவேண்டிய நிறுவனம் போகவேண்டிய நேரத்தில் போய்விட்டது. அப்படியிருக்க, 'கேட்டால் போய்விடுவான்' என்று சொல்லி அடுத்த தலைமுறையின் வாயையும் அடைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

நன்றாக நடத்துகிறார்கள் என்ற கருத்துக்கு வருவோம்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் தொழிலாளர்கள் உணவு நஞ்சாகி விழுந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மருத்துவமனையில் சேர்க்கவேண்டியிருந்தது. சேர்க்கப்பட்டவர்களின் நிலை என்ன என்று மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள், மறுநாளும் எழவில்லை. அந்த மறியலை நம்மில் பலர் போக்குவரத்து நெரிசலாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் அங்கே உட்கார்ந்து கேட்டது ஊதிய உயர்வை அன்று. எங்கள் தோழிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவேண்டும். அந்தப் பெண்கள் பகலெல்லாம் பொருத்திக்கொண்டிருந்தது ஐபோன். உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் நொடியில் முகம் பார்த்துப் பேசவைக்கும் கருவி. அதைச் செய்பவர்களுக்குப் பக்கத்து அறைத் தோழியின் நிலையைத் தெரிந்துகொள்ள நெடுஞ்சாலையை மறிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காரணம் எளிது. ஆலை ஒருவருடையது, ஆள் எடுப்பது ஒப்பந்தக்காரர், விடுதி நடத்துவது இன்னொருவர், சமைப்பது வேறொருவர். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும் இந்த அமைப்பில் தொழிலாளியின் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் என்று ஒருவரும் இல்லை. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரவிதிகளுக்கு உட்பட்டு இல்லை என்று ஆப்பிள் பிறகு ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது. தரவிதிகள் முன்பும் இருந்தன. அவை மீறப்படுகின்றன என்பது அங்கே படுத்து அங்கே சாப்பிட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. கலிபோர்னியாவுக்குத் தெரிய நெடுஞ்சாலை தேவைப்பட்டது.

2024 ஜூனில் வெளிவந்த ராய்ட்டர்ஸ் புலனாய்வு இன்னொன்றைச் சொன்னது: ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை அந்த ஆலை தவிர்த்துவருகிறது. குடும்பப் பொறுப்பு, பேறுகாலம் என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விவகாரத்தின் முடிவு எதுவானாலும், உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு தகப்பனாரிடம் இதைச் சொன்னால் அவர் வியப்படைய மாட்டார். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரைதான் கம்பெனி வேலை என்பது அங்கே பல வீடுகளில் பேசித் தீர்த்த விஷயம். மரியாதையாக நடத்துவது என்றால் இதுதானா?

அடுத்து சம்பளம். இதில் சாம்சங் விவகாரத்தைச் சற்று விரிவாகவே பேசவேண்டும்.

சுங்குவார்சத்திரம் ஆலை 2007 முதல் இயங்குகிறது. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவை அங்கே தயாராகின்றன. இந்தியாவில் அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாயான சுமார் 1200 கோடி டாலரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே ஆலையிலிருந்து வருவதாக 2024இல் செய்திகள் கூறின. அங்கிருந்த தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,750 பேர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாட்கள் நீடித்தது. மாதம் சராசரியாக 25,000 ரூபாய் சம்பளம். மூன்று ஆண்டுகளில் அதை 36,000 ஆக்கவேண்டும் என்பது கோரிக்கை. இந்த வட்டாரத்தில் இதே போன்ற வேலைக்குக் கிடைப்பதைப்போல 1.8 மடங்கு தருகிறோம் என்றது நிறுவனம்.

உடனே நம் நண்பர்கள் சொன்னார்கள்: பார், மற்ற கம்பெனிகளைவிட அதிகம் வாங்கிக்கொண்டும் அடங்கவில்லை. அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. பட்டியலின் முதல் கோரிக்கை பணமே இல்லை. நாங்கள் சங்கம் அமைத்திருக்கிறோம், அதை அங்கீகரித்து அதனோடு பேசுங்கள் என்பதுதான். நிறுவனத்தின் பதில் என்ன? அமைச்சர்கள் முன்னிலையில், தொழிலாளர்களில் ஒரு பகுதியினரோடு மட்டும் அக்டோபரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் தற்காலிக ஊக்கத்தொகை. 5 தடங்களில் ஓடிய குளிர்சாதனப் பேருந்து இனி 108 தடங்களிலும் ஓடும். குரல் கேட்டவர்களுக்குக் குளிர்காற்று வந்தது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 9 அன்று, காவல்துறை வந்து போராட்டப் பந்தலைப் பிரித்தது.

சங்கத்தைப் பதிவு செய்ய நூறு தொழிலாளர்கள் போதும் என்பதுதான் அப்போதிருந்த சட்டம். ஆயிரம் பேர் கூடிக் கேட்டும் பதிவாளர் அலுவலகத்தில் அந்த விண்ணப்பம் நகரவில்லை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக்கூடாது, அது எங்கள் வணிகச்சின்னம் என்று நிறுவனம் ஆட்சேபித்தது. பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெயர் பொறித்த சட்டையை அணிந்து வேலை செய்யலாம். அந்தப் பெயரைத் தாங்கள் இன்னார் என்று சொல்லிக்கொள்ளப் பயன்படுத்தக் கூடாது! உயர் நீதிமன்றம்வரை போய்ப் போராடி, 2025 ஜனவரி 27 அன்றுதான் சங்கம் பதிவானது. பதிவான சில நாட்களிலேயே சங்க நிர்வாகிகள் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டு, அதற்கும் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது தனிக்கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்நிறுவனத்தின் அப்போதைய துணைத்தலைவர் 2020 மே மாதம் தென்கொரிய மக்கள் முன் தலைகுனிந்து, சங்கமில்லா நிர்வாகம் என்ற பேச்சு இனி எங்களிடம் இருக்காது என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் சங்கத்தை நாசம் செய்த குற்றத்துக்காக அந்நிறுவன உயரதிகாரிகளுக்குக் கொரிய நீதிமன்றம் தண்டனை விதித்திருந்தது. 2024 ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொரியத் தொழிலாளிக்கு 2020இல் ஒப்புக்கொண்டதைச் சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளி 2024இல் கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

கடைசியாகத் தொழில்நுட்பம். இயந்திரம் வளர்ந்தால் வேலை இலகுவாகும், நேரம் குறையும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்திருக்கிறோம். நடப்பு வேறு. ஒவ்வொரு பொருளையும் பத்துப் பதினைந்து நொடிக்குள் முடித்து அனுப்பவேண்டும், நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் நிற்கவேண்டும் என்பது சாம்சங் தொழிலாளர் தரப்பு முன்வைத்த குறைகளில் ஒன்று. உற்பத்தி வரிசையின் வேகத்தை யார் நிர்ணயிப்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை, அதிகாரக் கேள்வி. இயந்திரத்தை வேகமாகவும் ஓட்டலாம், மெதுவாகவும் ஓட்டலாம். பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பதே விஷயம்.

இதற்குச் சான்று வேண்டுமா? சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பதுதான் மே தினத்தின் ஆதாரக் கோரிக்கை. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் உற்பத்திக் கருவிகள் எத்தனை மடங்கு வளர்ந்தன என்று சொல்லவேண்டியதில்லை. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தமிழகச் சட்டப்பேரவையில் ஒரு மசோதா நிறைவேறியது: தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்வது. எதிர்ப்புக் கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அதைத் திரும்பப் பெறவைத்தது எந்தத் தொழில்நுட்பம்? சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் போட்ட கூச்சல்தான்.

இந்தக் கூச்சலுக்கும் நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதையே சொல்கிறார்கள். பி.பி.வாடியா தலைவர், நம் திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது பின்னி ஆலைத் தொழிலாளர்களின் ஆரம்பகாலக் குறைகளில் ஒன்று. ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்ட விரோதமா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தேநீரோடு கருத்து உதிர்க்கும் நண்பர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்: சங்கம் என்பது வெளியிலிருந்து வந்து அமைதியான ஊரைக் கெடுத்த சரக்கன்று, இந்த மண்ணில் சோறு தின்ன நேரம் கேட்டவர்கள் ஆக்கியது. அந்தச் சட்டமும் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இனி வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. பூந்தமல்லிப் பெண்கள் தோழிகளின் உயிரைப்பற்றிக் கேட்கப் பதினான்கு நாள் காத்திருக்க முடியுமா என்று சட்டம் எழுதியவர்களைக் கேட்கவேண்டும்.

இப்போது உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குத் திரும்பலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தவை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. முப்பது குடும்புகள். பெயரெழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். ஒன்றுமறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லோரும் கேட்க உரக்க வாசிப்பார்கள். ஒளிவுமறைவுக்கு இடமில்லாத ஏற்பாடு. அழகுதான். ஆனால் குடத்தில் ஓலை இடம்பெற என்ன தகுதி? கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேத அறிவு. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. ஏரியைத் தூர்வாரியவரின் ஓலை அந்தக் குடத்தில் இல்லை. நாற்று நட்டவளின் ஓலையும் இல்லை. ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் தேர்ந்தெடுத்தவர்கள் ஏரியில் மண் சுமந்தவர்களைக் கேட்டதாகக் கல்வெட்டு சொல்லவில்லை. கூலியாளை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் மக்களாட்சி நமக்குப் புதியதன்று என்பதே அக்கல்வெட்டு தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடம்தான் எனக்கு முக்கியம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி அந்தக் குடத்தில் இடம்பெற முடியாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. யார் யாரெல்லாம் உறவினர் என்றுகூடக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பொறுப்பேற்றவன் பதில் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் மாமன் மைத்துனன் வரைக்கும் தகுதி போகும். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்து ஸ்ரீபெரும்புதூரில் நட்டால் எப்படியிருக்கும் என்று பாருங்கள். விடுதியில் சோறு கெட்டால் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டுத் தப்ப முடியுமா? ஆயிரக்கணக்கானவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று பெட்டியைக் கட்ட முடியுமா? கல்வெட்டைப் புகழ்பவர்கள் வாக்குச்சீட்டை மட்டும் புகழ்ந்துவிட்டுக் கணக்கை விட்டுவிடுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் பங்கையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. நாம் 'பஞ்சும் பசியும்' படித்து நெசவாளர்களுக்காக மனம் கசிந்தவர்கள். 'தோல்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தபோது கொண்டாடினோம். 'காஞ்சிவரம்' படம் பார்த்து, பட்டு நெய்பவன் தன் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை தரமுடியாத கொடுமைக்குக் கண் கலங்கினோம். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய தொழிலாளி என்றால் நமக்கு இரக்கம் பெருகுகிறது. அவனுடைய பேரப்பிள்ளை அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் சீருடை அணிந்து பந்தலில் உட்கார்ந்தால், 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பில்லை' என்கிறோம். இலக்கியம் நமக்குக் கற்றுத்தந்தது இறந்தகாலத்தின் மீது மட்டும் இரங்குவதற்கு என்றால், அந்த வாசிப்பால் யாருக்கும் பயனில்லை.

கூலி உயர்வது நல்லது. குளிர்சாதனப் பேருந்தும் நல்லதுதான். காஞ்சிபுரம் வெயிலில் அதை வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய எதுவும் உரிமையாகாது. எனவே அடுத்தமுறை யாராவது கம்பெனி வேலையைப்பற்றிப் போகிற போக்கில் கருத்துச் சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த சங்கம் இருக்கிறதா? அதனோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசுகிறதா? ஏதாவது கெட்டுப்போனால் பதில் சொல்லவேண்டியவர் பெயர் என்ன? மூன்றுக்கும் பதில் தெரிந்தவர் சொல்லும் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்கலாம்.